ராணுவ மருத்துவப் பரிசோதனை: குமரி மாவட்டத்துப் பையன்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டண்டாக 24 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் தக்கலைப் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பியவன் நான். ஆட்சேர்ப்பு முகாம்களில் மருத்துவருக்குப் பக்கத்தில் நின்று உயரம் அளந்திருக்கிறேன், பற்களை எண்ணியிருக்கிறேன், காதைப் பொத்திப் பிடித்திருக்கிறேன். காலையில் பள்ளி மைதானத்தில் ஓடப் பழகும் பையன்களும், அவர்களைக் கூட்டிவரும் தாய் தகப்பன்மாரும் என்னிடம் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறேன். அளவுகள் ஆண்டுக்கு ஆண்டு சற்றே மாறலாம். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்தியாவில் கட்டாய ராணுவ சேவை வந்துவிட்டதா? அக்னிவீர் அதுதானா?

இல்லை. சுதந்திர இந்தியாவில் கட்டாய ராணுவ சேவை ஒருபோதும் இருந்ததில்லை. அரசியலமைப்பின் 23(2) பிரிவு, பொதுநலனுக்காகக் கட்டாய சேவை விதிக்க அரசுக்கு இடம் தருகிறது. அப்படி விதித்தாலும் மதம், இனம், சாதி, வகுப்பு பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டு இளைஞர்களைப் படைக்கு இழுத்ததில்லை. 2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபத் திட்டம் விரும்பி விண்ணப்பிப்பவர்களுக்கு மட்டும்தான். அதில் சேர்பவரைத்தான் அக்னிவீர் என்கிறார்கள். நான்கு ஆண்டு சேவை, அதன்பின் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரப் பணிக்கு. "நான்கு ஆண்டு" என்று கேட்டதும் வெளிநாடுகளில் உள்ள கட்டாய சேவையோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டவர்கள் நம் ஊரில் பலர்.

இந்த வேறுபாடு மருத்துவப் பரிசோதனைக்கு முக்கியம். கட்டாய சேவை உள்ள நாட்டில் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஏதாவது ஒரு வேலை கொடுத்தாக வேண்டும். எனவே அங்கே மருத்துவர் தரம் பிரிக்கிறார்: இவன் காலாட்படைக்கு, இவன் கிடங்குக்கு, இவன் அலுவலகத்துக்கு. இங்கே ஓர் இடத்துக்குப் பலர் வரிசையில் நிற்கிறார்கள். எனவே நம் மருத்துவர் கையில் இருப்பது சல்லடை. தகுதி உண்டு, தகுதி இல்லை என்ற இரண்டே பதில். அன்றாட வாழ்க்கைக்கு ஒரு குறையும் இல்லாத உடம்பு ராணுவச் சல்லடையில் நின்றுவிடுவது இதனால்தான். "என் பையன் ரப்பர் தோட்டத்தில் விடிகாலை மூன்று மணிக்குப் போய் நானூறு மரத்தில் பால் வெட்டுகிறான், அவனுக்கு என்ன குறை?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. பையனுக்கு ஒரு நோயும் இல்லை. முட்டி இரண்டும் உரசின, அவ்வளவுதான்.

மருத்துவப் பரிசோதனை எந்தக் கட்டத்தில் வரும்?

2023 முதல் முதலில் கணினித் தேர்வு. அதில் தேறியவர்களுக்கு முகாம். நம் மாவட்டம் திருச்சி ஆட்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது. 2022 ஆகஸ்டில் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கிலேயே முகாம் நடந்தது. மற்ற ஆண்டுகளில் வேறு மாவட்டங்களுக்குப் போக வேண்டிவரும். முகாமில் 1.6 கி.மீ. ஓட்டம், பீமில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது, 9 அடி பள்ளம் தாண்டுவது, வளைந்த கட்டைமேல் நடப்பது, உயரம் மார்பளவு, சான்றிதழ் சரிபார்ப்பு. இவ்வளவும் முடிந்த பிறகுதான் மருத்துவர் முன் நிற்பீர்கள். தூக்கம் கெட்டு, ஓடிக் களைத்து, சரியாகச் சாப்பிடாத உடம்போடு நிற்பீர்கள் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதையெல்லாம் பார்க்கிறார்கள்?

படையில் ஒருவரின் உடல்தகுதியை "ஷேப்" என்ற சொல்லால் குறிப்பார்கள். ஐந்து ஆங்கில எழுத்து, ஐந்து விஷயம்: மனநிலை, செவி, கைகால்கள், பொது உடல்திறன், கண்பார்வை. ஐந்தும் முழுமையாக இருந்தால் "ஷேப்-1". சேரும்போது நீங்கள் எட்ட வேண்டிய இடம் அது.

உயரமும் மார்பளவும் எவ்வளவு?

ஜெனரல் டியூட்டி எனும் பொதுப்பணிப் பிரிவுக்குத் தமிழ்நாட்டுப் பையன்களுக்கு 166 செ.மீ., எழுத்தர் பிரிவுக்கு 162 செ.மீ. என்று அறிவிக்கைகள் கேட்டுவந்திருக்கின்றன. மார்பு 77 செ.மீ., மூச்சை இழுத்து விரித்தால் 5 செ.மீ. கூட வேண்டும். ராணுவத்தினர், முன்னாள் ராணுவத்தினரின் மகன்களுக்கு உயரத்தில் 2 செ.மீ., மார்பில் 1 செ.மீ., எடையில் 2 கிலோ சலுகை உண்டு. எடை, வயதுக்கும் உயரத்துக்கும் பொருந்த வேண்டும்.

உயரம் ஒரு மயிரிழையில் நிற்கிற பையன்களுக்கு ஒரு சொல். முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நாள் முழுவதும் அழுந்தி, மாலையில் நாம் காலையைவிட ஏறத்தாழ ஒரு செ.மீ. குட்டையாக இருப்போம். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து அப்படியே வரிசையில் நிற்காமல், முந்தின நாளே போய்க் கொஞ்ச நேரமாவது காலை நீட்டிப் படுத்துவிட்டு வாருங்கள்.

மார்பு விரிவு பழக்கத்தில் வரும். முட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கடலில் முங்கி நீந்தி வளர்ந்த பையன்களுக்கு 5 செ.மீ. எளிதாக வருவதைக் கண்டிருக்கிறேன். மற்றவர்கள் வீட்டில் டேப் சுற்றி, வயிற்றை உப்பாமல் விலா எலும்புகளை விரித்து மூச்சிழுக்கப் பழக வேண்டும்.

ஆடையைக் கழற்றச் சொல்வார்களா? பையன் கூச்சப்படுகிறான்.

சொல்வார்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாமல் விடுவதால் பாதிப் பையன்கள் அங்கே வெலவெலத்துப் போகிறார்கள். முதலில் உள்ளாடையோடு நிற்க வைத்து உடலின் வடிவத்தையும், நடையையும், தோலையும் பார்ப்பார்கள். பிறகு மறைவான இடத்தில் மருத்துவர் மட்டும் அந்தரங்க உறுப்புகளைப் பார்ப்பார். அடிவயிற்றின் ஓரத்தில் விரலை வைத்து "இருமு" என்பார். குடல் இறங்கியிருந்தால் இருமும்போது விரலில் தட்டும். முன்னால் குனியச் சொல்லி மூலம் இருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அவர் அன்று நூறு பேரைப் பார்க்கிறார். உங்களை யாரும் உற்றுப் பார்த்துச் சிரிப்பதில்லை. குளித்து, நகம் வெட்டி, சுத்தமான உள்ளாடையோடு போங்கள்.

கண்ணாடி போட்டால் சேர முடியாதா?

பொதுப்பணிப் பிரிவுக்கு ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே 6/6 படிக்க வேண்டும் என்பது விதி. 6/6 என்றால் சராசரிக் கண் ஆறு மீட்டரில் படிக்கும் எழுத்தை நீங்களும் ஆறு மீட்டரில் படிக்கிறீர்கள் என்று பொருள். இரு கண்ணாலும் சேர்த்துப் பார்த்துப் பழகியதால் ஒரு கண் மங்கல் என்பதே பலருக்குத் தெரியாது. இன்றே ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவரிலுள்ள நாட்காட்டியைப் படியுங்கள். பிறகு மறு கண். வேறுபாடு தெரிந்தால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவிலோ, பக்கத்துக் கண் மருத்துவரிடமோ காட்டுங்கள்.

நிறக்குறைபாட்டுக்குச் சிகிச்சை உண்டா?

பிறவியிலேயே வந்ததற்கு இல்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாவிட்டால் ராணுவம் எடுக்காது. புள்ளிகளால் ஆன அட்டையில் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். இது பெரும்பாலும் தாய் வழியே வருவது: அம்மாவின் அப்பாவுக்கு இருந்தால், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாமலேயே பேரனுக்கு வந்து சேரும். தாய்மாமனுக்கோ தாய்வழித் தாத்தாவுக்கோ இருந்ததாகத் தெரிந்தால், பத்தாம் வகுப்பிலேயே பையனைச் சோதித்துவிடுங்கள். மூன்று ஆண்டுகள் ஓடிப் பழகிய பிறகு அந்த அட்டையின் முன் நின்று "ஒன்றும் தெரியவில்லை சார்" என்று சொன்ன பையன்களின் முகம் எனக்கு மறக்கவில்லை. முன்பே தெரிந்திருந்தால் அந்த மூன்று ஆண்டுகளை வேறு வேலைக்குத் தயாராவதில் செலவிட்டிருப்பார்கள்.

காதில் என்ன சோதனை?

நான் அதிக நாள் நின்ற இடம் இதுதான், விரிவாகவே சொல்கிறேன். மருத்துவருக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இடைவெளி 610 செ.மீ., ஏறத்தாழ இருபது அடி. ஓர் உதவியாளர் ஒரு காதை அடைத்துக்கொள்வார். மருத்துவர் மூச்சை வெளியே விட்டு முடித்ததும், மிச்சமிருக்கும் காற்றில் ஒரு சொல்லையோ எண்ணையோ கிசுகிசுப்பார். அதை நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு மறு காது. அடுத்து விளக்கைப் பிடித்துக் காதுக்குள் பார்ப்பார்கள்.

இதில் இரண்டு வகையாகத் தவறுகிறது. ஒன்று, குறும்பி. சவ்வே தெரியாத அளவுக்கு அடைத்திருந்தால் மருத்துவர் எதைப் பார்த்துத் தகுதி கொடுப்பார்? ஒரு பையன் காதில் நானே விளக்குப் பிடித்துப் பார்த்தேன்; கருப்பட்டித் துண்டு போல உள்ளே இறுகிக் கிடந்தது. ஓட்டத்தில் முதல் தொகுப்பில் வந்தவன். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு வாரம் சொட்டு மருந்தும் பத்து நிமிடச் சுத்தமும். பஞ்சுக் குச்சியோ சேஃப்டி பின்னோ போட்டுக் குடையாதீர்கள், குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும், சவ்வையும் கிழிக்கும். முகாமுக்கு ஒரு மாதம் முன்பே காது மருத்துவரிடம் போய் எடுத்துவிடுங்கள்.

மற்றொன்று, ஓட்டை விழுந்த சவ்வு. குளத்திலும் ஆற்றிலும் குளித்துக் காதில் சீழ் வடிந்து, தானே நின்றுவிட்டது என்று விட்டுவிடுவது நம் பக்கத்து வழக்கம். சீழ் நின்றாலும் ஓட்டை நிற்கும். சிறுவயதில் காது ஒழுகிய வரலாறு இருந்தால், இப்போது ஒன்றும் இல்லை என்றாலும் ஒருமுறை உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

பல் எதற்கு? பல்லால் சுடப்போகிறோமா?

இதை ஒரு பையன் உண்மையாகவே கேட்டான். உயரமான மலைமுகாமில் பல்வலி வந்தால் பல் மருத்துவர் பக்கத்தில் இருக்கமாட்டார். கடிக்க முடியாதவன் சாப்பிடமாட்டான், சாப்பிடாதவன் ஏறமாட்டான்.

குறைந்தது 14 பல் புள்ளிகள் வேண்டும். எண்ணும் முறை இது: மேல்பல்லும் அதற்கு நேரே உள்ள கீழ்ப்பல்லும் சேர்ந்துதான் கணக்கு. முன்பற்கள், கோரைப்பற்கள், முன்கடைவாய்ப்பற்கள் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு புள்ளி; அப்படி 10 ஜோடி. கடைவாய்ப்பற்கள் ஜோடிக்கு இரண்டு. எல்லாம் இருந்தால் 22. பதினெட்டு வயதில் ஞானப்பல் முளைத்திருக்காது என்பதால் பலருக்கு 18 தான். இப்போது கீழே ஒரு கடைவாய்ப்பல் சொத்தையாகிப் பிடுங்கிவிட்டால், மேலே இருக்கும் நல்ல பல்லுக்கும் புள்ளி போய்விடும்: 16. இன்னொன்று போனால் 14. மூன்றாவது போனால் 12, தகுதி இல்லை. வலிக்கிறதென்று சட்டென்று பிடுங்கிவிடாமல், அடைக்க முடியுமா, வேர்ச் சிகிச்சை செய்ய முடியுமா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள். பான் மசாலா, புகையிலை போடுபவர்களுக்கு வாய் முழுதாகத் திறக்காமல் போய்விடும். அதுவும் மறுக்கப்படும் காரணம்தான்.

தட்டைப்பாதம் என்றால் உடனே வெளியேற்றிவிடுவார்களா?

எல்லாருக்கும் இல்லை. பாதத்தை நனைத்துச் சிமெண்டுத் தரையில் ஊன்றி எடுங்கள். உள்பக்க வளைவு தெரிந்தால் நல்லது. முழுப் பாதமும் இட்டிலித் தட்டு போல அப்படியே பதிந்தால், அடுத்து நுனிவிரலில் எழுந்து நில்லுங்கள். எழும்போது வளைவு தோன்றினால் அது இளகும் தட்டைப்பாதம். நுனிக்காலில் ஓடவும் குதிக்கவும் முடிந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். எழும்போதும் வளைவு வராமல் விறைத்தே இருந்தால் தகுதி இல்லை.

ஒரு வீட்டில் இதைச் செய்து காட்டினேன். பையனின் ஈரத்தடம் முழுப்பாதமாக விழுந்ததும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மக்களே, நுனிக்காலில் நில்லு" என்றேன். நின்றான். பாதத்துக்கு அடியில் என் ஆள்காட்டி விரலை நுழைத்துக் காட்டினேன், நுழைந்தது. அவன் இப்போது சீருடையில் இருக்கிறான்.

முட்டி உரசுகிறது. என்ன செய்வது?

நேராக நின்று, முட்டிகள் லேசாகத் தொடும்படி வைத்து, கணுக்கால்களின் உள்பக்க எலும்புகளுக்கு இடையே அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 5 செ.மீ.க்கு மேல் போனால் சிக்கல். தொடையில் சதை கூடியிருந்தாலும் முட்டி உரசுவதுபோலத் தெரியும். எடை குறைந்தால் அது சரியாகும். எலும்பின் கோணமே அப்படி என்றால், தலையணையை முட்டிக்கு இடையே கட்டிக்கொண்டு தூங்குவதாலும் எண்ணெய் தேய்ப்பதாலும் பதினெட்டு வயதில் அது மாறாது. மாற்றித் தருகிறேன் என்று பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கையை நீட்டி உள்ளங்கையை வெளியே காட்டும்போது முழங்கை வெளிப்பக்கம் வளையும் கோணத்தையும் அளப்பார்கள். ஆண்களுக்கு 15 பாகை வரை இருக்கலாம். சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து முழங்கை முறிந்து, வைத்தியசாலையில் கட்டுப்போட்ட பையன்கள் இதை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். முறிவு சரியாகக் கூடிக் கை முழுதாக மடங்கி நீண்டால், பழைய முறிவு என்பது மட்டுமே தடையாகாது.

விரைவீக்கம், குடலிறக்கம், மூலம் இருந்தால்?

இருக்கும் நிலையில் தகுதி இல்லை. ஓதம் என்று வீட்டில் சொல்லும் விரைவீக்கமும், விதைப்பையின் ரத்தநாளங்கள் புடைத்துச் சுருண்டு கிடக்கும் வெரிகோசீலும் வலியே இல்லாமல் இருக்கலாம். பையனுக்கே தெரியாது, தெரிந்தாலும் அம்மாவிடம் சொல்லக் கூசுவான். அப்பாவோ மாமாவோ அண்ணனோ பேச வேண்டும். இவை எல்லாமே சிகிச்சையால் தீரக்கூடியவை. அறுவை முடிந்து உடல் நன்றாகத் தேறிய பிறகு போகலாம், ஆனால் தழும்பு ஆறச் சில மாதங்கள் ஆகும். முகாமுக்கு இரண்டு வாரம் முன்பு ஓடிப்போய் அறுவை செய்துகொண்டு புண்ணோடு வந்து நிற்பவர்களுக்கு அந்த முறை கிடைக்காது. அறுவை செய்த மருத்துவமனையின் காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

தேமல், படர்தாமரை, பச்சை குத்தியது?

தேமலுக்கும் படர்தாமரைக்கும் மருந்து உண்டு. மழை ஈரத்தில் நனைந்த உடையோடு திரியும் நம் பையன்களுக்கு இவை வந்துகொண்டே இருக்கும். இரண்டு மாதம் முன்பே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசினால் அப்போதைக்கு மறைந்து, பிறகு இன்னும் அகலமாகப் படரும்.

பச்சை குத்தியது முன்கையின் உள்பக்கத்திலோ புறங்கையிலோ இருந்தால் அனுமதி. மேற்கை, மார்பு, கழுத்து என்றால் இல்லை. பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி விதிவிலக்கு உண்டு. திருவிழாக் கடையில் நண்பர்களோடு உட்கார்ந்து குத்திக்கொள்ளும் முன் இதை நினைவில் வையுங்கள்.

ரத்த அழுத்தம் அங்கே போனதும் கூடிவிடுகிறது.

பதற்றத்தில் கூடுவது மருத்துவர்களுக்கும் தெரியும். உட்கார வைத்து மறுபடி பார்ப்பார்கள். விடாமல் 140/90-க்கு மேல் நின்றால்தான் சிக்கல். ஓடி முடித்த மயக்கம் தீரத் தேநீர், எனர்ஜி பானம் என்று குடித்துவிட்டு வராதீர்கள். தண்ணீர் போதும். ஊக்க மருந்து எதையும் தொடாதீர்கள். கண்டுபிடிக்கப்பட்டால் வாசலிலேயே முடிந்துவிடும்.

பழைய நோயைச் சொல்லாமல் விட்டால் தெரியாதல்லவா?

ஒரு பையனுக்குச் சிறுவயதில் வலிப்பு வந்திருக்கிறது. "வாயைத் திறக்காதே, யாருக்கும் தெரியாது" என்று பயிற்சி கொடுத்த இடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். மறைத்தான், தேறினான். பயிற்சி மையத்தில் தூக்கம் கெட்ட ஓர் இரவில் வலிப்பு வந்தது. நல்லவேளை, கையில் துப்பாக்கி இல்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நோய் தெரிந்திருந்தால் முதல் நாளிலேயே மறுத்திருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவன் உயிரோடும் பக்கத்தில் நின்றவன் உயிரோடும் விளையாடியிருக்கமாட்டான். வலிப்பு, ஆஸ்துமா, இதயக் கோளாறு, மனநலச் சிகிச்சை இவற்றைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

"அன்ஃபிட்" என்று எழுதிவிட்டார்கள். அவ்வளவுதானா?

முகாம் மருத்துவர் மறுத்தால், ராணுவ மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரிடம் மறுபரிசோதனை கேட்கலாம். பரிந்துரைச் சீட்டில் எந்த மருத்துவமனை என்று எழுதியிருக்கும். சீட்டுக் கிடைத்த ஐந்து நாளுக்குள் அங்கே போய் நிற்க வேண்டும். நமக்குப் பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம் பாங்கோடு ராணுவ மருத்துவமனை. ஆனால் பக்கம் என்று நீங்களாகப் போகாமல், சீட்டில் எழுதிய இடத்துக்கே போங்கள். பல பையன்கள் அழுதுகொண்டே ஊருக்கு வந்து, மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்து, நான்காம் நாள் சீட்டை எடுத்துக் காட்டுவார்கள். சீட்டைப் பார்த்ததும் பையை எடுங்கள்.

போகும் முன், அதில் எழுதியிருக்கும் காரணத்தை அந்தத் துறை மருத்துவர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். காதில் குறும்பி என்றால் அன்றே எடுத்துவிட்டுப் போகலாம். சிறப்பு மருத்துவரும் மறுத்துவிட்டால் அந்தத் தேர்வில் அதுதான் முடிவு. வயது இருந்தால், குறை தீரக்கூடியதென்றால், தீர்த்துக்கொண்டு அடுத்த ஆண்டு வரலாம்.

மெடிக்கலில் பாஸ் செய்து வைக்கிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். அவர் எதுவும் செய்வதில்லை. பத்துப் பேரிடம் வாங்குவார். நாலு பேர் தங்கள் உடம்பால் தேறுவார்கள். அந்த நாலு பேரின் பணத்தை "என்னால்தான்" என்று வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குத் திருப்பித் தருவதாக இழுத்தடிப்பார். தாலிச் சங்கிலியை அடகுவைத்துக் கொடுத்த ஒரு தாயை எனக்குத் தெரியும். அந்த மகன் பணம் கொடுக்காமலே தேறியிருப்பான், ஏனென்றால் அவன் உடம்பில் ஒரு குறையும் இல்லை.

பெண்களுக்கும் இதே பரிசோதனையா?

ராணுவக் காவல் பிரிவில் பெண்களைச் சேர்க்கிறார்கள், உயரம் 162 செ.மீ. சோதனை பெரும்பாலும் இதேதான். பெண் மருத்துவர் பார்ப்பார். ரத்தசோகையை முன்பே கவனியுங்கள்.

மகன் வெளிநாட்டில் வளர்கிறான். அங்கே கட்டாய சேவையில் மாட்டிக்கொள்வானா?

வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். கட்டாய சேவை உள்ள ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார் போன்ற நாடுகளில் அது அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே.

சிங்கப்பூர் வேறு. 1967 முதல் அங்கே தேசிய சேவை இருக்கிறது. வேலை பார்த்து நிரந்தரவாசம் வாங்கும் தகப்பனுக்கு விலக்கு. அவர் பெயரைக் காட்டி நிரந்தரவாசம் வாங்கிய மகனுக்கு விலக்கு இல்லை. பதினாறரை வயதில் பதிவு, பிறகு மருத்துவப் பரிசோதனை, ஈராண்டு முழுநேர சேவை. அங்கே ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, இதயத் துடிப்புப் பதிவு, கண், காது, பல் எல்லாம் பார்த்து "பெஸ்" என்ற தரம் கொடுப்பார்கள். ஏ என்றால் எல்லாப் பணிக்கும், பி என்றால் சில தடைகளோடு போர்ப்பணிக்கும், சி, இ என்றால் உதவி, நிர்வாகப் பணிகளுக்கும். டி என்பது முடிவு நிலுவையில் இருப்பது. எஃப் மட்டும்தான் எந்தச் சேவைக்கும் தகுதியில்லை என்பது. நான் முதலில் சொன்ன வேறுபாடு இதுதான்: நம் முகாமில் மறுக்கப்படும் முட்டி உரசும் பையனுக்கு அங்கே ஒரு தரம் எழுதி ஒரு வேலை கொடுத்துவிடுவார்கள். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தை விட்டுவிட்டு வந்தால், பிறகு அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ கேட்கும்போது அது குறுக்கே வரும். மகனுக்கு நிரந்தரவாசம் எடுக்கும் நாளிலேயே இதைப் பேசி முடிவெடுங்கள்.

எப்போது தொடங்க வேண்டும்?

பதினோராம் வகுப்பில். ஒரே நாள் விடுப்பெடுத்து அரசு மருத்துவமனையில் கண், காது, பல், எலும்பு, பொது அறுவைச் சிகிச்சை ஆகிய ஐந்து பிரிவுகளிலும் காட்டிவிடுங்கள். ராணுவத்துக்குத் தயாராகிறேன் என்று சொல்லிக் காட்டுங்கள். அப்போதுதான் அந்தக் கண்ணோடு பார்ப்பார்கள்.

பையன் மறுக்கப்பட்டு வந்து அறையைவிட்டு வெளியே வருவதில்லை. என்ன சொல்வது?

முதலில், தெருவில் யாராவது கேட்டால் "ஓட்டத்தில் போய்விட்டது" என்று பொய் சொல்ல வைக்காதீர்கள். நிறம் தெரியவில்லை, எலும்பு இப்படி இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லட்டும். அதில் அவன் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. கூடவே ஓடியவர்கள் சீருடையோடு விடுப்பில் வரும்போது அவனுக்கு வலிக்கும், அதைத் தடுக்க முடியாது. இரண்டு வாரம் விடுங்கள். பிறகு என்னிடம் அனுப்புங்கள். மைதானத்தில் நாற்பது பையன்கள் ஓடுகிறார்கள், எனக்கு முட்டி வலி. 1.6 கி.மீ.யை ஐந்தரை நிமிடத்தில் முடிப்பது எப்படி என்று தெரிந்தவன், கையில் கடிகாரத்தோடு கோட்டில் நிற்க வேண்டும். காலை ஐந்தேமுக்காலுக்கு வந்தால் போதும்.